பாகிஸ்தான் கிறிஸ்தவர்களுக்குச் சம உரிமை: விவாதத்தில் "முடியும்" பக்கம் பேச வேண்டும், உதவி தேவை

கொட்டகலை மாணவி

எல்லாருக்கும் வணக்கம். நான் கொட்டகலை பக்கம், ஏ.எல். கலைப்பிரிவு. எங்கள் தேவாலயப் பங்கும் பக்கத்துப் பங்குகளும் சேர்ந்து இளையோருக்கு ஒரு விவாதம் வைக்கிறார்கள். தலைப்பு "முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் கிறிஸ்தவர்கள் சம உரிமையோடு வாழ முடியும்". நாட்டையும் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தது பாகிஸ்தான், அதுவும் "முடியும்" என்ற பக்கம். எதிரணிக்காரர்கள் இப்போதே சிரிக்கிறார்கள்.

அந்த நாட்டு அரசியலமைப்பைத் தேடி வாசித்தேன். 20ஆம் உறுப்புரையில் ஒவ்வொரு பிரஜைக்கும் தன் மதத்தைச் சொல்லவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை உண்டு என்று இருக்கிறது. 25இல் சட்டத்தின் முன் எல்லாரும் சமம். 36இல் சிறுபான்மையினரின் நியாயமான உரிமைகளை அரசு காக்க வேண்டும். இவ்வளவும் எழுதி வைத்திருக்கும்போது ஏன் எல்லாரும் அங்கே கிறிஸ்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார்கள்? அம்மா சவூதியில் வீட்டு வேலை செய்தவர், அங்கே கோயிலே கிடையாது, செபமாலையை உடுப்புப் பெட்டிக்கு அடியில்தான் வைத்திருந்தேன் என்பார். பாகிஸ்தான் அப்படி இல்லையே, லாகூரிலும் கராச்சியிலும் பேராலயங்கள் இருக்கின்றன, பூசை நடக்கிறது. அப்போ சம உரிமை இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாமா?

சண்டைக்காகக் கேட்கவில்லை. வெறுப்புப் பதிவு போடுகிறவர்கள் தயவுசெய்து வேறு எங்காவது போங்கள்.

மாத்தளை சட்டத்தரணி

தங்கச்சி, மூலத்தையே தேடி வாசித்ததற்கு ஒரு சபாஷ். ஆனால் 20ஐ வாசித்த கையோடு 2, 41, 91 மூன்றையும் புரட்டியிருக்க வேண்டும். 2இல் இஸ்லாம் அரச மதம், அதை விடுங்கள், அரச மதம் வைத்திருக்கிற நாடெல்லாம் சிறுபான்மையை நசுக்குகிறது என்று சொல்ல முடியாது. 41(2) படி முஸ்லிம் அல்லாதவர் ஜனாதிபதியாக முடியாது, 91 படி பிரதமராகவும் முடியாது. ஆக 25இல் எல்லாரும் சமம் என்று எழுதிய அதே யாப்பு, நாட்டின் இரண்டு பெரிய கதிரைகளையும் ஒரு பகுதி மக்களுக்குப் பிறக்கும்போதே மூடிவிடுகிறது. எதிரணி முதலில் இதைத்தான் தூக்கிப் போடும். நம் நாட்டில் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது, ஆனாலும் சட்டப்படி ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கத் தடை இல்லை (வெல்வாரா என்பது வேறு கதை).

அதே நேரம் "பரப்பவும்" என்று நீங்கள் கவனித்தீர்களே, அது நம் யாப்பில் இல்லை. 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகள் வழக்கில் நம் உயர் நீதிமன்றம், மதத்தைக் கடைப்பிடிக்க உரிமை உண்டு, பரப்புவதற்கு அடிப்படை உரிமை கிடையாது என்றுதான் சொன்னது. வெறும் எழுத்தை மட்டும் பார்த்தால் இந்த ஓர் இடத்தில் பாகிஸ்தான் நம்மைவிடத் தாராளம். இதை விவாதத்தில் சொல்லுங்கள், கூட்டம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் அங்கே கழுத்தைப் பிடிப்பது யாப்பு அல்ல, தண்டனைச் சட்டக் கோவை. இராணுவ ஆட்சியாளர் ஜெனரல் சியா உல் ஹக் காலத்தில் 1982இல் 295-பி வந்தது, குர்ஆனை அவமதித்தால் ஆயுள் சிறை. 1986இல் 295-சி, நபியை அவமதித்தால் மரணம் அல்லது ஆயுள் சிறை. 1990இல் கூட்டாட்சி ஷரீஆ நீதிமன்றம் ஆயுள் என்பதை ஏற்க முடியாது, மரணம் ஒன்றே தண்டனை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த 295-சி பிரிவை வாசித்தால் தலை சுற்றும், பேச்சாலோ எழுத்தாலோ சாடையாகவோ நேராகவோ மறைமுகமாகவோ என்று விரிந்துகொண்டே போகிறது, ஆனால் வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. இந்தச் சட்டத்தின் கீழ் அரசு இதுவரை ஒருவரையும் தூக்கிலிட்டதில்லை. தேவையும் இல்லை, குற்றச்சாட்டு ஊருக்குள் பரவினாலே போதும், மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொள்கிறது. 2023 ஓகஸ்ட் 16 அன்று ஜரன்வாலாவில் நடந்தது அதுதான். ஒரு குற்றச்சாட்டு, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு, இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் ஒரே நாளில் எரிந்தன, வீடுகளும் போயின.

இன்னொன்று, 1985 முதல் 2002 வரை அங்கே தனி வாக்காளர் முறை இருந்தது. கிறிஸ்தவர் கிறிஸ்தவ வேட்பாளருக்கு மட்டும்தான் வாக்களிக்கலாம். அதனால் தொகுதியின் முஸ்லிம் வேட்பாளர் கிறிஸ்தவக் குடியிருப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதை 2002இல் நீக்கிவிட்டார்கள். உங்கள் பக்கத்துக்கு இது நல்ல ஆதாரம், சட்டம் திருந்தவும் செய்யும் என்று காட்டலாம்.

உண்மை விளம்பி 77

எல்லாம் சரி, அங்கே அப்படி என்றால் இங்கே மட்டும் இவர்களுக்கு ஏன் எல்லா உரிமையும் கொடுக்க வேண்டும்? அதையும் விவாதத்தில் கேளுங்கள்.

நாவலப்பிட்டி நானா

விளம்பி தம்பி, நீங்கள் சொல்கிற "இவர்கள்" நான்தான். எங்கள் வாப்பாவும் இங்கே பிறந்தவர், அவருடைய வாப்பாவும் இங்கே. ஜரன்வாலாவில் எவனோ தேவாலயத்தைக் கொளுத்தினால் அதற்கு நாவலப்பிட்டியில் நான் ஏன் கடையை மூட வேண்டும்? 2018 மார்ச்சில் திகனயிலும் அக்குறணையிலும் கடைகள் எரிந்தபோது இதே கணக்கைத்தான் எங்களிடம் சொன்னார்கள். 2020இல் கொரோனா என்று சொல்லி எங்கள் மையித்துகளை எரித்தார்கள், அடக்கம் செய்ய விடச் சொல்லிக் கேட்டு 2021 பெப்ரவரி வரை கெஞ்சினோம். சிறுபான்மை என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான் பாகிஸ்தானில் நடப்பதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதும் இல்லை.

மகள், நீங்கள் ஒரு விஷயத்தைத் தவற விடாதீர்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து உயிர் கொடுத்தவர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர், நபி நிந்தனை வழக்கில் மரண தண்டனை பெற்ற கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபிக்காகப் பேசினார் என்று 2011 ஜனவரி 4 அன்று அவருடைய மெய்க்காவலனே சுட்டுக் கொன்றான். கொன்றவனுக்குச் சில வக்கீல்கள் ரோஜா இதழ் தூவினார்கள், அதையும் மறைக்க வேண்டாம். அவனை 2016இல் அரசு தூக்கிலிட்டது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தசீர் போய் இரண்டு மாதத்தில், மார்ச் 2, சிறுபான்மை அமைச்சராக இருந்த கத்தோலிக்கர் ஷாபாஸ் பட்டியையும் கொன்றார்கள். ஆசியா பீபிக்காகக் கடைசிவரை வாதாடிய வக்கீல் சைபுல் மலூக் ஒரு முஸ்லிம், 2018 ஒக்டோபர் 31 அன்று ஆசியா பீபியை விடுதலை செய்த நீதியரசர்களும் முஸ்லிம்கள்தான். பெஷாவரில் 2013 செப்டெம்பரில் தேவாலயத்தில் குண்டு வெடித்து 80க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, லாகூரில் ஞாயிறு பூசை நேரத்தில் முஸ்லிம்கள் கைகோத்துத் தேவாலயத்தைச் சுற்றி நின்றார்கள்.

அப்புறம் இந்தச் சட்டத்தில் மாட்டுகிறவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். எண்ணிக்கையில் பார்த்தால் முஸ்லிம்கள் நிறைய, அஹ்மதிகள் (தங்களை முஸ்லிம்கள் என்று சொன்னாலும் அந்த நாட்டுச் சட்டம் அப்படி ஏற்காத பிரிவினர்) நிறைய. காணித் தகராறு, கடன் தகராறு, பழைய பகை எல்லாம் இதற்குள் வருகிறது. 2021 டிசம்பர் 3 சியால்கோட்டில் தொழிற்சாலை மேலாளராக இருந்த நம் நாட்டுச் சிங்களச் சகோதரரை அடித்துக் கொன்று எரித்தார்களே, அவர் கிறிஸ்தவரா? மத வாசகம் இருந்த சுவரொட்டியைக் கிழித்தார் என்று ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

நஜ்ரானில் இருந்து வந்த கிறிஸ்தவர்களை நபி (ஸல்) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலிலேயே அவர்கள் முறைப்படி தொழ விட்டார்கள் என்று எங்கள் சீறா நூல்களில், அதாவது நபியின் வாழ்க்கை வரலாறுகளில், இருக்கிறது. 2016 ஜனவரியில் மொரோக்கோவின் மர்ராகேஷில் பல நாட்டு ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) கூடி, முஸ்லிம் நாடுகளில் மற்ற மதத்தவரும் சமமான பிரஜைகள் என்று நபி மதீனாவில் மற்ற மதத்தவரோடு செய்த மதீனா உடன்படிக்கையை ஆதாரம் காட்டி அறிவித்தார்கள். "முடியும்" என்பதற்கு மார்க்கத்துக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. செய்கிறார்களா என்று கேட்டால் நான் தலைகுனிகிறேன்.

மஸ்கெலியா பழைய வாத்தியார்

நானா சொன்னது நெஞ்சைத் தொட்டது. ஆனால் சட்டம், மார்க்கம் என்று இரண்டு பக்கமும் பேசிவிட்டு மூன்றாவதாக ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். மலையகத்து ஆட்களாகிய நமக்கு முதலில் கண்ணில் பட வேண்டியது அதுதான்.

பஞ்சாபின் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் யார்? 1870கள் முதல் கூட்டம் கூட்டமாக மதம் மாறிய, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட துப்புரவுச் சாதி மக்களின் வாரிசுகள். மதம் மாறியது, 1947இல் நாடும் மாறியது, கையில் இருந்த விளக்குமாறு மட்டும் மாறவில்லை. இன்றும் லாகூர், கராச்சி நகர சபைகளில் சாக்கடைக்குள் இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். அரச நிறுவனங்களே துப்புரவு வேலைக்கு "முஸ்லிம் அல்லாதவர் மட்டும்" என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டிருக்கின்றன. அரச வேலையில் சிறுபான்மைக்கு 5 வீதம் என்று 2009இல் ஒதுக்கீடு வந்தது, அது நிரம்புவதும் அடிமட்டத்தில்தான், மேலே உள்ள கதிரைகள் காலியாகக் கிடக்கின்றன. செங்கல் சூளைகளில் முற்பணம் வாங்கிவிட்டுத் தலைமுறையாகக் கடன் கட்டுகிற குடும்பங்களிலும் கிறிஸ்தவர்கள் ஏராளம். தோட்டத்தில் முற்பணக் கடனும், கடன் தொகையை எழுதிக் கொடுத்து அதை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்கு விடுகிற துண்டுமுறையும் என்ன செய்தன என்று உங்கள் பாட்டியிடம் கேளுங்கள் பிள்ளை, சூளையைப் பற்றி வேறு புத்தகம் தேவையில்லை.

ஆசியா பீபி வழக்கை எல்லாரும் மத வழக்காகவே பேசுகிறார்கள். அது எங்கே தொடங்கியது தெரியுமா? 2009 ஜூன் மாதம், ஷேக்குபுரா மாவட்டத்தில் ஒரு கிராமம், பால்சா பழம் பறிக்கிற கூலி வேலை, நல்ல வெயில். அவர் தண்ணீர் கொண்டுவந்தார். கிறிஸ்தவப் பெண் தொட்ட பாத்திரத்தில் குடிக்க மாட்டோம் என்று உடன் வேலை செய்த பெண்கள் இருவர் சொன்னார்கள். வாய்ச் சண்டை. சில நாளில் அது நபி நிந்தனை முறைப்பாடாகப் பொலிசுக்குப் போயிற்று. 2010இல் மரண தண்டனை, எட்டு வருடத்துக்கு மேல் சிறை, விடுதலையான பிறகும் ஊரில் இருக்க முடியாமல் 2019இல் கனடா. தொடக்கம் ஒரு குவளைத் தண்ணீர். கொழுந்து மலையில் வேலை செய்த எவருக்கும் இந்தக் காட்சி புரியும், எந்த லயத்தில் யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று கணக்குப் பார்த்தவர்கள்தானே நாமும்.

ஆகவே தேவாலயம் இருக்கிறது, பூசை நடக்கிறது என்பதை வைத்துச் சம உரிமை என்று சொல்லாதீர்கள். நம் ஆட்களுக்கு 1948க்குப் பிறகும் மாரியம்மன் திருவிழா நடந்தது, நத்தார் நடந்தது, சிலுவைப்பாதை நடந்தது. யாரும் தடுக்கவில்லை. பிரஜாவுரிமைதான் இல்லை. 1947 தேர்தலில் நம் தோட்டத் தொழிலாளர் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது, 1952இல் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் கும்பிட விட்டார்களே என்று நாம் நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருந்தால் 2003 வரைக்கும் வந்த பிரஜாவுரிமைச் சட்டங்கள் எதுவும் வந்திருக்காது.

உங்கள் பக்கத்துக்கும் ஒன்று தருகிறேன், சும்மா திட்டிவிட்டுப் போகக்கூடாதே. ஏ.ஆர். கொர்னேலியஸ், கத்தோலிக்கர், 1960 முதல் 1968 வரை பாகிஸ்தானின் பிரதம நீதியரசர். 1955இல் அரசியலமைப்புச் சபையைக் கலைத்தது பற்றிய வழக்கில் மற்ற நீதியரசர்கள் கவர்னர் ஜெனரல் பக்கம் நின்றபோது தனியாக மாற்றுத் தீர்ப்பு எழுதியவர். அப்படி ஒருவர் அங்கே அந்தக் கதிரையில் எட்டு வருடம் இருந்தார் என்பது "முடியும்" என்பதற்குச் சாட்சி. ஏன் அப்புறம் ஒரு கிறிஸ்தவரும் அங்கே உட்காரவில்லை என்று எதிரணி கேட்டால், பள்ளிக்கூடங்களைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். 1972இல் பூட்டோ அரசு தனியார் பாடசாலைகள், கல்லூரிகளோடு மிஷன் நிறுவனங்களையும் எடுத்துக்கொண்டது, லாகூரின் போர்மன் கிறிஸ்தவக் கல்லூரி திரும்பக் கிடைத்தது 2003இல். ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைக்கு மேலே ஏற இருந்த ஏணி இடையில் முப்பது வருடம் இல்லை. (இங்கேயும் 1960, 61இல் பாடசாலைகளை எடுத்தபோது பெற்றோர் பாடசாலைக்குள்ளேயே படுத்துப் போராடினார்கள், ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு எடுத்தது நமக்கு நல்லதுதான் செய்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.)

பதுளைக்காரி, இப்போது நீர்கொழும்பு

வாத்தியார் சேர், உங்கள் பதிவைச் சேமித்து வைத்திருக்கிறேன்.

நான் சொல்லப்போவது புத்தகத்தில் இருந்து இல்லை. நீர்கொழும்பில் பாகிஸ்தானில் இருந்து தப்பி வந்தவர்கள் நிறையப் பேர் வாடகைக்கு இருந்தார்கள், அஹ்மதிகள் கூட, கிறிஸ்தவர்கள் கொஞ்சம். பங்கில் சில குடும்பங்களோடு பழக்கம். அவர்கள் சொன்னதில் குண்டு, தீ எல்லாம் கடைசியில்தான் வரும். முதலில் வருவது சின்ன விஷயங்கள். வகுப்பில் பிள்ளையை "சூரா" என்று கூப்பிடுவார்கள், நம் ஊரில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிற மாதிரி. பெயருக்குப் பின்னால் கிறிஸ்தவர் என்று காட்டுகிற மசீஹ் என்று இருந்தால் வேலை விண்ணப்பம் அங்கேயே தனியாகப் போய்விடும். பெண் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார் பேசுவது வேறு மாதிரி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மதம் மாற்றி நிக்காஹ் செய்துவிட்டேன், விரும்பித்தான் வந்தாள் என்று ஒருவன் காகிதம் நீட்டினால், பதினாலு வயது என்று பெற்றோர் பிறப்புச் சான்றிதழ் காட்டினாலும் பொலிஸ் காகிதத்தைத்தான் நம்பும் என்றார்கள். கட்டாய மதமாற்றத்தைத் தடுக்க ஒரு சட்டமூலம் வந்தது, 2021இல் பாராளுமன்றக் குழு அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. 2024இல்தான் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தைத் திருத்தி வயதை 18 ஆக்கினார்கள், அதற்குக் கிறிஸ்தவர்களே வருடக்கணக்காகக் கேட்க வேண்டியிருந்தது. முஸ்லிம் கிறிஸ்தவராக மாறினால் அடையாள அட்டையில் மதத்தை மாற்ற நடைமுறையில் விடமாட்டார்கள், மறுபக்கம் மாறினால் ஒரு சிக்கலும் இல்லை. 20ஆம் உறுப்புரை இருக்கிறது என்று தங்கச்சி சொன்னீர்களே, ஒரு வழிப் பாதை அது.

நாம் மட்டும் ஒழுங்கா? இலங்கை அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை. 2014இல் இவர்களைப் பிடித்துப் பூசாவிலும் மிரிஹானவிலும் அடைத்து, ஐநா அகதிகள் நிறுவனம் வேண்டாம் என்று கேட்டும் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு கட்டுவாப்பிட்டியில் நாங்கள் அழுதுகொண்டிருந்தபோது, வீட்டுக்காரர்கள் பயந்துபோய் பாகிஸ்தான்காரர் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். பள்ளிவாசலிலும் பொலிஸ் வளவிலும் போய் ஒண்டினார்கள், அதில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. தேவாலயத்தில் குண்டு வெடித்ததற்குத் தேவாலயம் போகிறவனையே துரத்தியது எங்கள் ஊர்.

மாத்தளை சட்டத்தரணி

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அதே 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள், உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படம் பௌத்தச் சின்னமான தர்மசக்கரமாம். பிறகு உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. 295-சி நம்மிடம் இல்லை, ஆனால் அந்தப் புத்தி இல்லை என்று யாரும் மார்தட்ட வேண்டாம்.

கொட்டகலை மாணவி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. நானா, நீங்கள் தலைகுனிய வேண்டாம். உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சவூதியில் அவருடைய பிறந்தநாளுக்கு இரகசியமாகக் கேக் செய்து கொடுத்த மேடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்போ என் சிக்கல் வேறு. "முடியும்" என்று பேச வேண்டும், ஆனால் இருக்கிறது என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. தலைப்பில் "வாழ்கிறார்கள்" என்று இல்லையே, "வாழ முடியும்" என்றுதானே இருக்கிறது? ஜின்னா 1947 ஓகஸ்ட் 11 அன்று, நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் அதற்கும் அரசின் அலுவலுக்கும் சம்பந்தம் இல்லை என்ற பொருளில் பேசியதில் தொடங்கி, கொர்னேலியஸ், 2002 வாக்குரிமை, 2018 தீர்ப்பு என்று போகலாமா? சனாதிபதிக் கதிரையைப் பற்றிக் கேட்டால் என்ன பதில்?

மாத்தளை சட்டத்தரணி

அதற்குப் பதில் தேடாதீர்கள், ஒப்புக்கொள்ளுங்கள். அந்த உறுப்புரை இருக்கும்வரை சமம் இல்லை, அதை மாற்ற அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, 2002இல் வாக்காளர் முறை மாறியும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகருங்கள். நடுவர்களுக்கு ஒப்புக்கொள்கிற பேச்சாளரைப் பிடிக்கும்.

ஆனால் ஜின்னாவில் தொடங்க வேண்டாம், எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள், எதிரணியும் அந்த உரையை மனப்பாடம் செய்துகொண்டுதான் வரும். 2014 ஜூன் 19 தீர்ப்பில் தொடங்குங்கள். பெஷாவர் குண்டுவெடிப்புக்குப் பிறகு பிரதம நீதியரசர் தசாதுக் ஹுசைன் ஜிலானி எழுதியது. வழிபாட்டு இடங்களைக் காக்கத் தனிப் பொலிஸ் பிரிவு, சிறுபான்மையினர் உரிமைக்குத் தேசியப் பேரவை, வெறுப்பைப் பரப்பாத பாடத்திட்டம், வேலை ஒதுக்கீட்டை அமுல்படுத்துவது என்று அரசுக்குக் கட்டளை போட்டார். அதில் எவ்வளவு நடந்தது என்று பார்க்க 2019இல் நீதிமன்றமே ஒரு ஆணையம் போட வேண்டியிருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தீர்ப்பு இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது, ஆங்கிலம்தான். இரவைக்கு 20ஆம் உறுப்புரையை விளக்குகிற பகுதியை மட்டும் வாசியுங்கள், புரியாத பத்தியை இங்கேயே போடுங்கள், நாளை நீதிமன்றம் முடிந்து வந்து பார்க்கிறேன்.

மஸ்கெலியா பழைய வாத்தியார்

தொகுப்புரையை யார் செய்கிறார்கள்? உங்கள் அணியில் தோட்டத்துப் பிள்ளை யாராவது இருந்தால் தண்ணீர்க் குவளைக் கதையை அவருக்குக் கொடுங்கள்.